போர்ச் சின்னங்கள் – 9: பீரங்கி எந்த நாட்டுடையது?

இரண்டாம் உலகப்போர் நட்சத்திரப் பதக்கங்கள் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயரில்லாமல் வந்தன, இந்தியச் சிப்பாய்க்குப் பின்பக்கம் பெயர் பொறித்து வந்தன. சென்ற வாரம் பார்த்தோம், போதும். இந்த வாரம் துணிச் சின்னங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் விக்டோரியா கிராஸின் உலோகம் குறுக்கே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

1856-இல் விக்டோரியா மகாராணி ஏற்படுத்திய சிலுவை வடிவப் பதக்கம் அது. கிரிமியப் போரில், செவஸ்தபோலில் ரஷ்யரிடமிருந்து பிடித்த பீரங்கியை உருக்கிச் செய்தது என்பார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. ஆதாரமாக லண்டன் வூல்விச்சில் இரண்டு வெண்கலப் பீரங்கிகளையும் காட்டினார்கள். இரண்டிலும் பின்முனைக் குமிழ் அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் அந்தப் பீரங்கிகள் சீனத்து வார்ப்பு! ரஷ்யரிடம் அவை எப்படிப் போயின என்று காட்ட ஓர் ஆவணமும் இல்லை. பிறகு, பதக்கத்தைச் சுரண்டாமலே உலோகக் கலவையைச் சொல்லிவிடும் எக்ஸ்-கதிர்ச் சோதனை வந்தது. சோதித்தவற்றில் எல்லாச் சிலுவைகளும் ஒரே உலோகத்தில் செய்யப்படவில்லை என்று தெரிந்தது. தொடக்ககாலச் சிலுவைகளின் கலவை ஒன்று, முதல் உலகப்போருக்குப் பிந்தையவற்றின் கலவை வேறு; பீரங்கியோடு ஒத்துப்போவது பிந்தையதுதான். உலகத்திலேயே அதிகம் சொல்லப்பட்ட பதக்கப் பூர்வீகக் கதையின் கதி இது.

இதனால்தான் சொல்கிறேன், கதையை வைத்துப் பதக்கத்தை எடைபோடக் கூடாது. 1857-இல் கொடுத்த சிலுவை பீரங்கி உலோகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. நேர்மாறாக, அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் விசாரிக்க வேண்டும்: தொலைந்ததற்குப் பதிலாகப் பின்னாளில் வாங்கியதா, இல்லை யாரோ செய்ததா?

உலோகம் கைவிட்டாலும் வேலைப்பாடு கைவிடாது. தொடக்கம் முதல் செய்துவருவது லண்டன் ஹான்காக்ஸ் நகைக்கடை ஒன்றுதான். அச்சில் அடிக்கப் பார்த்தபோது கடினமான உலோகம் அச்சையே உடைத்தது. அதனால் மணல் வார்ப்புக்குப் போனார்கள். வார்த்தபின் ஒவ்வொன்றையும் கையால் செதுக்கி முடிப்பார்கள். ஆகவே இரண்டு சிலுவைகள் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். திருப்பிப் பாருங்கள்: நடுவட்டத்தில் வீரச்செயல் நடந்த தேதி, மேலே தொங்குபட்டையின் பின்புறம் வீரரின் பெயரும் படைப்பிரிவும். இரண்டையும் அரசிதழ் அறிவிப்போடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ரிப்பனையும் விடாதீர்கள். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டு வரை கடற்படைக்கு நீலம், தரைப்படைக்குக் கருஞ்சிவப்பு. அதன்பின் எல்லோருக்கும் கருஞ்சிவப்புதான். கிரிமியப் போர்க் கடற்படை வீரரின் சிலுவையில் சிவப்பு ரிப்பன் இருந்தால் ரிப்பன் மாறியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அதற்காகச் சிலுவையைத் தள்ளிவிடாதீர்கள்.

துணிச் சின்னங்கள் அடுத்த வாரம் கட்டாயம் உண்டு. புறஊதா விளக்கில் சில நூல்கள் ஏன் வெள்ளையாக ஒளிர்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். இன்றைய சலவைத்தூள் பட்டால் பழைய அசல் துணியும் அப்படியே ஒளிரும். ஆகவே தாத்தாவின் தோள்பட்டைச் சின்னம் வீட்டில் இருந்தால், தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள்.