மேன்முறையீட்டுத் தீர்ப்பை இணையத்தில் தேடுவது எப்படி?

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் உள்ள அல்லைப்பிட்டியில் ஒரு பனங்காணிக்கு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். பங்காளிகளில் ஒருவர் வேலணையில், ஒருவர் பரிசில், ஒருவர் ரொறன்ரோவில். “அப்பீலில் தீர்ப்பு வந்திட்டுதாம், இன்ரநெற்றில கிடக்காம்” என்று ஊரிலிருந்து கதை வருகிறது. பரிசில் இருப்பவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தளத்தைத் திறந்து இரவிரவாகத் தேடுகிறார். ஒன்றும் அகப்படவில்லை. தளத்தில் பிழை இருக்க வேண்டும் என்றில்லை. அந்த வழக்கு அந்த நீதிமன்றத்துக்கே போயிராது. ஆகவே தேடத் தொடங்குமுன், வழக்கு எந்த வழியால் மேலே போனது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வழக்கு எங்கே போகும்?

காணி உரித்து, எல்லை, பாகப்பிரிவினை, தேசவழமைச் சொத்து எல்லாம் மாவட்ட நீதிமன்ற வழக்குகள். தீர்ப்பை ஏற்காதவர் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனுவும் கொடுக்க வேண்டும். முன்பு இவை கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியை மாற்றியது. இப்போது தீவகத்துக் காணி வழக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு மேலே போவதென்றால் அனுமதி பெற்று நேரே உயர் நீதிமன்றம்.

அதே பனங்காணியில் வேலி அடைத்ததால் சண்டை மூண்டு, பொலிஸார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் அறிக்கை போட்டால், வழி வேறு. அங்கே உறுதி யாருடையது என்று தீர்ப்பதில்லை. ஆட்சி யாரிடம் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். ஊர்காவற்றுறை நீதவானின் கட்டளையை மாகாண மேல் நீதிமன்றம் மீளாய்வு செய்யும். அதன் கட்டளைக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். இப்படி ஒரே காணிக்கு இரண்டு வழக்கு ஓடி, ஒன்று ஒரு தளத்திலும் மற்றது இன்னொரு தளத்திலும் கிடக்கக்கூடும்.

மேல் நீதிமன்றத்தில் விளங்கித் தண்டனை கொடுத்த குற்ற வழக்குகளின் மேன்முறையீடு வழமையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருக்கும். மூன்று நீதிபதிகள் சேர்ந்து விளங்கும் ‘ட்ரயல் அட் பார்’ வழக்கு மட்டும் நேரே உயர் நீதிமன்றம் போகும். 2015 மே மாதத்துப் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கு ஊர்காவற்றுறையில் தொடங்கி, யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன் விளங்கி, 2017 செப்டெம்பர் 27 ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனையோடு முடிந்தது. அதன் மேன்முறையீட்டைத் தேடுபவர் உயர் நீதிமன்றத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும். அடிப்படை உரிமை மனுக்களும் அங்கேதான். அமைச்சு, திணைக்களங்களின் முடிவை எதிர்க்கும் ரிட் மனுக்களைப் பெரும்பாலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தேடலாம்.

இலக்கத்தைப் பிடியுங்கள்

இந்தியாவின் இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இடங்கொண்ட சி.என்.ஆர். எண்ணை இட்டால், அந்த வழக்கின் தவணைகள் வரிசையாக வரும். இலங்கையில் சுப்ரீம்கோர்ட் டொட் எல்கே, கோர்ட்ஒஃப்அப்பீல் டொட் எல்கே என்ற இரண்டு தளங்களிலும் முக்கியமாகக் கிடைப்பவை தீர்ப்புகளும் நாளாந்த வழக்குப் பட்டியலுமே. மனு, சாட்சியம், உறுதிப் பிரதி போன்ற கோப்புக் கடதாசிகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஒவ்வொரு படி ஏறும்போதும் வழக்குக்குப் புது இலக்கம் விழும். உயர் நீதிமன்றத்தின் ஒரு காணித் தீர்ப்பைத் திறந்து முதற் பக்கத்தைப் பாருங்கள். மேலே ‘எஸ்.சி. அப்பீல்’ இலக்கம், அதற்குக் கீழே அனுமதி கேட்ட மனுவின் ‘எல்.ஏ.’ இலக்கம், அதற்குக் கீழே ‘எச்.சி.சி.ஏ.’ என்று மாகாண இலக்கம். அடியில் மாவட்ட நீதிமன்ற இலக்கம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ‘சி.ஏ. பி.எச்.சி.’ என்றால் மாகாண மேல் நீதிமன்றத்திலிருந்து வந்தது, ‘சி.ஏ. ரிட்’ என்றால் ரிட் மனு. 2006 க்கு முன்னைய குடியியல் மேன்முறையீடுகளில் இலக்கத்தின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து அடைப்புக்குள் நிற்கும்.

இலக்கம் கையில் இல்லாவிட்டால் பெயரால் தேட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு தமிழில் நடந்தாலும், மேலேயுள்ள தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை. கந்தசாமியின் கடைசி எழுத்து ‘வை’யாகவும் இருக்கும், ‘ஐ’யாகவும் இருக்கும், நடுவில் ஒரு ‘டபிள்யூ’ நுழைந்திருக்கும். அல்லைப்பிட்டியில் ஒரு ‘பி’யா இரண்டா, ‘ரி’யா ‘டி’யா என்பதும் அப்படியே. முழுப்பெயரை இடாமல் ‘கந்த’ அளவில் நிறுத்தித் தேடுங்கள். வழக்காளி இறந்திருந்தால் பிள்ளைகளின் பெயரில் வழக்கு ஓடும். அவர்களின் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் கோப்புக்குள் தேடல் வேலை செய்யாது. அப்போது தீர்ப்புத் திகதியைக் கொண்டு பட்டியலில் கண்ணால்தான் தேட வேண்டும்.

பழைய தீர்ப்பு வேண்டுமென்றால் நியூ லோ ரிப்போர்ட்ஸ், 1978 க்குப் பிறகு ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் என்ற தொகுப்புகள் உண்டு. கொமன்லீ என்ற இலவசத் தளத்திலும் இலங்கைத் தீர்ப்புகள் உள்ளன. ஆனால் தொகுப்புகளில் ஏறுவது சட்டப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்த வழக்குகள்; சாதாரண வேலிச் சண்டை அங்கே இராது.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

முதலாவது சாத்தியம், வழக்கு யாழ்ப்பாணத்தோடு நின்றிருக்கலாம். மாகாண மேல் நீதிமன்றத் தீர்ப்பைக் கொழும்புத் தளங்களில் தேடிப் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள அந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது, உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்திருக்கலாம். அந்தக் கட்டளை பெரும்பாலும் சில வரிதான். தீர்ப்புப் பட்டியலில் வருவது குறைவு. அப்படியென்றால் யாழ்ப்பாணத் தீர்ப்பே முடிந்த முடிவு.

தீர்ப்பு கிடைத்தாலும், இறக்கிய பிடிஎஃப் வாசித்து விளங்கிக்கொள்ளத்தான். காணிப் பதிவுக்கோ இன்னொரு வழக்குக்கோ நீதிமன்றம் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும். கொழும்பு நீதிமன்றங்களுக்குப் புதுக்கடையில் உள்ள பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி எடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் சட்டத்தரணி மூலம் எடுப்பிக்கலாம். அதற்கும் முதலில் கேட்பது இலக்கத்தைத்தான். ஆகவே அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, கடைசியாக வந்த நீதிமன்றக் கடதாசியின் தலைப்பைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.