சாவோ காட்டில் சிங்கம்! வேன் கதவைத் திறக்கப்போன தம்பி. சட்டையைப் பிடித்து இழுத்த அக்காள்!

மாலை மணி 5 இருக்கும். எங்கள் வேனுக்கும் அந்தச் சிங்கத்துக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார். வேனின் கூரை மேலே தூக்கியிருந்தது. நானும் என் அக்காளும் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று ஒரு காற்று. என் தொப்பி பறந்து போய் சிங்கத்துக்கு நாலடி முன்னால் விழுந்தது.

அடுத்த நொடி நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பஸ் ஜன்னல் வழியே கர்ச்சீப் விழுந்தால் இறங்கி ஓடுவோமே, அந்தப் பழக்கத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிட்டேன்!

"டேய்!"

பின்னாலிருந்து சட்டைக் காலரை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. மேல் பட்டன் தெறித்தது. நான் சீட்டில் விழுந்தேன். டிரைவர் பாய்ந்து கதவைச் சாத்தினார்.

சிங்கம் எழுந்து வந்தது. தொப்பியை முகர்ந்து பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி போய்ப் படுத்துவிட்டது. சைதாப்பேட்டையில் 150 ரூபாய்க்கு வாங்கிய தொப்பி. இன்னும் அங்கேதான் கிடக்கும்.

எதற்குப் போனேன்?

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் கார்ப்பரேஷன் ஆபீசிலும் நின்று செய்தி சேகரிக்கும் எனக்கு ஆப்பிரிக்காவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்காள் வீட்டுக்காரருக்கு கென்யா தலைநகர் நைரோபியில் கணக்கு எழுதும் உத்தியோகம். சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் மாமாவே டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

என் பையில் ஒரு பத்திரம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூரில் அப்பா கட்டிய வீடு. முக்கால் கிரவுண்டு. 2018-ல் உயில் எழுதாமலே அப்பா இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். 1956-ம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி எனக்குப் பாதி, அக்காளுக்குப் பாதி. வீட்டை விற்கலாம் என்று நான் நினைத்தேன். அக்காள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக வக்கீலிடம் ஒரு பவர் பத்திரம் தயார் செய்தேன். நைரோபி இந்தியத் தூதரகத்தில் அக்காள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

எட்டு வயதில் எனக்குத் தலை சீவி பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். அவளிடம் எப்படிக் கேட்பது? 'சொத்துத் தகராறில் தம்பி வெட்டிக்கொலை' என்று நானே எத்தனை செய்தி எழுதியிருப்பேன். கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன். இந்தப் பத்திரத்தை எடுத்து நீட்ட மட்டும் கை வரவில்லை.

இரண்டாம் நாள் அக்காளே, "வாடா, சஃபாரி போயிட்டு வரலாம்" என்றாள். சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான்.

'தாதா' என்றால் யார்?

வேன் டிரைவர் அக்காளைப் பார்த்து, "தாதா, தாதா" என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடசென்னையில் தாதா என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளையைப் போய்...!

அக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள். சுவாஹிலியில் 'தாதா' என்றால் சகோதரியாம். சகோதரனுக்கு 'காகா'. "நான் தாதா, நீ காக்கா. சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பிளாஸ்டிக் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2017-ல் இருந்து அந்த நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மீறினால் சிறை வரை போகும். அக்காள் முன்கூட்டியே போனில் எச்சரித்ததால் முறுக்கை எவர்சில்வர் தூக்கில் போட்டுக்கொண்டு போனேன். காட்டுக்குள் ஒரு தடவை குடித்து எறியும் தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது. 2019 ஜனவரியில் நம் ஊரிலும் தடை வந்தது. கோயம்பேடு மார்க்கெட்டில் போய்ப் பாருங்கள்.

இரண்டு கொலைகாரர்கள்

நைரோபியில் இருந்து மொம்பாசா செல்லும் நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனால் சாவோ ஆறு வருகிறது. பெயரே நமக்கு ஒரு மாதிரியாகக் கேட்கும். பாலத்தருகே வேனை நிறுத்தச் சொன்னாள் அக்காள்.

வெள்ளைக்காரன் ரெயில் பாதை போட்டபோது 1898-ல் இங்கே நடந்தது பெரிய தொடர் கொலை. பாதை போடுவதற்காக இந்தியாவில் இருந்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளிகள் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். நோயிலும் விபத்திலும் செத்தவர்கள் சுமார் 2,500 பேர்.

சாவோ ஆற்றில் பாலம் கட்டியவர்களுக்குக் கூடுதலாக இன்னொரு எமன். இரண்டு ஆண் சிங்கங்கள். இரண்டுக்குமே பிடரி மயிர் கிடையாது. இருட்டியதும் வரும். கூடாரத்துக்குள் தூங்குபவனைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகும். முள்வேலி போட்டார்கள், தீ மூட்டினார்கள், தகர டப்பாவைத் தட்டினார்கள். எதற்கும் பயப்படவில்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் ரெயிலை மறித்து ஏறி ஓடிவிட்டார்கள். மூன்று வாரம் வேலை நின்றது.

பாலம் கட்ட வந்த என்ஜினீயர் பேட்டர்சன் டிசம்பர் 9-ந்தேதி ஒன்றையும், 29-ந்தேதி மற்றொன்றையும் சுட்டுக் கொன்றார். பலியானவர்கள் 135 பேர் என்று பிற்பாடு அவர் சொன்னார். சிங்கங்களின் எலும்பையும் முடியையும் சோதித்த விஞ்ஞானிகள் 2009-ல் சுமார் 35 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். போலீஸ் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகாதது நமக்குப் புதிதல்ல. தோல்கள் 25 ஆண்டு காலம் பேட்டர்சன் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்து, 1924-ல் 5 ஆயிரம் டாலருக்கு சிகாகோ அருங்காட்சியகத்துக்கு விலைபோயின.

2024-ல் அந்தப் பற்களில் சிக்கியிருந்த முடியை எடுத்துச் சோதித்தார்கள். மனித முடி இருந்தது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை முடியும் இருந்தது. இரண்டு சிங்கங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவே இருக்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் கிடைத்தது.

இதை அக்காளிடம் சொன்னேன். "கூடப்பிறந்ததுங்களா?" என்று கேட்டுவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல் நிற யானைகள்

மன்யானி வாசல் வழியாகக் காட்டுக்குள் நுழைந்தோம். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. குறித்த இடம் தவிர எங்கேயும் இறங்கக்கூடாது. (இதைத்தான் மறுநாள் நான் மறந்தேன்.)

சாவோ யானைகள் சிவப்பு. செம்மண்ணை வாரிப் பூசிக்கொள்வதால் சூளையில் இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கின்றன. ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்தது. குட்டி ஒன்று நடுவில் நின்றுவிட, அதைவிடக் கொஞ்சம் பெரிய யானை திரும்பி வந்து தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு போனது. அக்காள் என்னைப் பார்த்தாள். நான் கேமராவைத் துடைத்தேன்.

வீரப்பன் கதை தெரிந்த நமக்கு தந்தத்தின் விலை தெரியும். அங்கே 1970, 80-களில் யானைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள். 1989-ல் கென்ய ஜனாதிபதி மோய் 12 டன் தந்தத்தைக் குவித்து, தன் கையாலேயே தீ வைத்தார். 2021 கணக்கெடுப்பில் சாவோ வட்டாரத்தில் சுமார் 15 ஆயிரம் யானைகள். மறு ஆண்டே வறட்சி. நாடு முழுவதும் 205 யானைகள் செத்தன. துப்பாக்கிக்குத் தப்பியது தண்ணீரில்லாமல் போகிறது.

தொப்பி பறந்தது மறுநாள், அருபா அணைக்கட்டுப் பக்கம். அன்று பார்த்த ஆண் சிங்கத்துக்கும் பிடரி மயிர் இல்லை. சாவோ சிங்கங்கள் பல அப்படித்தான்.

ராத்திரி பேச்சு

வோய் ஊரில் லாட்ஜ். நான் கொடுத்த சட்டையில் அக்காள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"பையில பத்திரம் இருக்காமே? வக்கீல் மாமாவுக்கு போன் பண்ணிக் கேட்டாராம், பாஸ்போர்ட் நம்பர்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எனக்கு பாதி வேணாம்டா. ஆனா வேணாம்னு நான் சொல்லணும். நீ எழுதி எடுத்துக்கிட்டு வரக்கூடாது."

"தப்புதான்க்கா."

"விக்கணுமா?"

கடன் இருப்பதைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "மாமா கிட்ட பேசறேன். வீடு இருக்கட்டும். மாடி ரூம் என்னுது. ஒட்டடை அடிச்சு வை, டிசம்பர்ல வர்றேன்" என்றாள்.

பத்திரம் கையெழுத்து இல்லாமல் என் பையிலேயே திரும்பி வந்தது. மீனம்பாக்கத்தில் அதை யாரும் கேட்கவில்லை. கிண்டியில் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான அட்டையை மட்டும் கேட்டார்கள்.