ஜெயிச்ச புள்ளிக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு! சேலஞ்சர் டென்னிஸில் நம்ம வீரர்கள் படும் பாடு

சென்னை:
2024 பிப்ரவரி. நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம். சென்னை ஓபன் சேலஞ்சர் ஃபைனலில் இத்தாலியின் லூகா நார்டியை 6-1, 6-4 என்று வீழ்த்தினார் சுமித் நாகல். மறுநாளே உலக ரேங்க்கில் 98-வது இடம்!

அதென்ன சேலஞ்சர்?

கிரிக்கெட்டுக்கு ரஞ்சி எப்படியோ, டென்னிசுக்கு சேலஞ்சர் அப்படி. சென்னையில் கோப்பை ஜெயித்ததற்கு 100 புள்ளி. இப்படிச் சேர்த்துத்தான் ரேங்க் ஏறணும்.

ஏறினால் என்ன லாபம்?

கிராண்ட்ஸ்லாமில் ஆடும் 128 பேரில் 104 பேருக்கு ரேங்க்கை வைத்தே நேரடி இடம். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் ரவுண்டில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். நம்ம காசுக்கு சுமார் 65 லட்சம் ரூபாய்!

கீழே இருந்தால் கஷ்டம்தான். கோச் சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் கைக்காசு. பேங்க்கில் 900 யூரோ, அதாவது சுமார் 80 ஆயிரம் ரூபாய்தான் இருக்கு என்று 2023-ல் வெளிப்படையாகச் சொன்னவர் இதே நாகல்தான்.

கோப்பையும் லேசில் கிடைக்காது. சென்னை வீரர் ராம்குமார் ராமநாதன் 6 சேலஞ்சர் ஃபைனல்களில் தோற்றார். விடலையே! 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில், ஏழாவது ஃபைனலில் ஜெயித்தார்.

இதில் இன்னொரு சிக்கல். ஜெயித்த புள்ளி 52 வாரம்தான் கணக்கில் நிற்கும். அடுத்த வருஷம் அதே அளவுக்கு ஜெயிக்காவிட்டால் ரேங்க் சரியும். 2024 ஜூலையில் 68-வது இடம் வரை போன நாகல், 2025-ல் 100-க்கு வெளியே தள்ளப்பட்டது இப்படித்தான்.

ஏறுவது ஒரு பாடு. ஏறிய இடத்தில் நிற்பது பெரும்பாடு!