உஷார்! வாக்குமூலம் கொடுத்த பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது?

பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கம் பிளாட்களில் பேரப்பிள்ளை வளர்க்கும் அம்மம்மாமார், சித்திமார் கவனத்துக்கு. தாய் குவைத்தில், பிள்ளை உங்களிடம். பிள்ளைக்கு யாரோ பாலியல் கெடுதல் செய்தார், பொலிஸில் முறைப்பாடும் போட்டாயிற்று. இனிப் பயமில்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆபத்து இனித்தான் இருக்கிறது.

சந்தேகநபர் பெரும்பாலும் அந்நியர் இல்லை. வாடகை கட்டுகிற மாமாவாக இருப்பார், ரியூஷனுக்கு ஏற்றி இறக்குகிற ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார். அவருக்குப் பிணை கிடைத்த கையோடு, 'குடும்ப மானம்' பேச நாலு பேர் ஹோலில் வந்து உட்காருவார்கள். அறைக்குள் பிள்ளை படுத்திருக்கும், தூங்காது. சோறு போடுகிறவர்களே வழக்கை விடச் சொன்னால் அது என்ன செய்யும்? ஒருநாள் "நான் சொன்னது பொய்" என்று சொல்லிவிடும். போக வேறு வீடு இல்லாத பிள்ளை வேறென்ன சொல்லும்?

2025 ஏப்ரல் கடைசியில் கொட்டாஞ்சேனையில் 16 வயது மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். மே மாதம் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் சனம் வீதிக்கு இறங்கியது. ஆசிரியர் ஒருவர் மீது அவள் தரப்பு கொடுத்த முறைப்பாடு மாதக்கணக்காகப் பொலிஸில் இருந்தது. அங்கே பெற்றோர் பிள்ளையின் பக்கம் நின்றார்கள். வீடே எதிர்ப்பக்கம் நிற்கும் பிள்ளையை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பிள்ளையிடம் திரும்பத் திரும்ப "என்ன நடந்தது" என்று கேட்காதீர்கள். மாமிக்கு ஒருதரம், ரீச்சருக்கு ஒருதரம் என்று சொல்ல வைத்தால் சொல் மாறும். அந்த மாற்றத்தைத்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்வார். சிறுவரின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க, 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. குறுக்கு விசாரணை அதற்குப் பிறகும் உண்டு. ஆனாலும் முதலில் இருந்து முழுக்கதையையும் கூண்டில் நின்று சொல்லும் சுமை குறையும். கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள்.

பிள்ளை தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்க உரிமை உண்டு, அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள்.

'சமாதானமாகப் போவோம்' என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். பாலியல் வல்லுறவு வழக்கு அரசின் வழக்கு. பெரியவர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டு முடிக்கிற காணிப் பிரச்சினை இல்லை அது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். 2015இல் வந்து 2023இல் புதிதாக இயற்றப்பட்ட சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

பெற்றோருக்கிடையில் விவாகரத்து வழக்கும் இருந்தால் இரட்டிப்பு உஷார். பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை மாவட்ட நீதிமன்றம் பார்க்கும், குற்ற வழக்கு நீதவான் முன் இருக்கும். ஒரு நீதிமன்றத்தில் நடப்பதை மற்றதற்குச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் சட்டத்தரணி சொல்லாவிட்டால், சந்தேகநபர் இருக்கும் வீட்டுக்கே சனி ஞாயிறு பிள்ளையை அனுப்பும் கட்டளை வரலாம். பிணை கொடுக்கும்போதே 'பிள்ளையை அணுகக்கூடாது' என்ற நிபந்தனையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சந்தேகநபர் வீட்டிலும் பிள்ளை சிறுவர் இல்லத்திலுமாக முடியும். தண்டனை யாருக்கு?

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளை மனமுடைந்து ஒதுங்கியிருந்தால் மனநல உதவிக்கு 1926.

அடுத்த வழக்குத் தவணைக்குப் பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று இன்றிரவே விசாரியுங்கள்.