கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கச்சேரி!

ப்ளக்கைப் பிடுங்கியாச்சு. ஸ்விட்ச்சும் ஆஃப். அப்புறம் என்ன பயம்னு கையை உள்ளே விட்டேன். அடுத்த நொடி, தோள்பட்டை வரைக்கும் சுண்டி இழுத்தது! நல்லவேளை, இதைச் சொல்ல நான் இருக்கேன்.

நான் கையை விட்டது வேறெதிலும் இல்லை... மொட்டைமாடி ரூமில் நானே அசெம்பிள் பண்ணின வால்வு ப்ரீஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேதான்.

'வால்வா? அது தாத்தா வீட்டு ரேடியோவில் இருக்குமே'ன்னு கேட்கறீங்களா? அதேதான் பாஸ்! போட்டவுடனே பாடாமல், சூடாகி, ஆரஞ்சு கலரில் கண் விழிச்சு, அப்புறம் பாடுமே... அந்தக் கண்ணாடிக் குடுவை. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, வால்வுக்கு மெள்ள மெள்ள ரிட்டயர்மென்ட் கொடுத்தாங்க. ஆனா, மியூசிக் பிரியர்களும் கிடார் வாசிக்கறவங்களும் அதை விடவே இல்லை. ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்னிக்கும் புது வால்வு தயாராகுது.

அமெரிக்காவில் 1955-ல் டேவிட் ஹாஃப்ளர் தொடங்கிய டைனாகோ கம்பெனி, ஆம்ப்ளிஃபையர்களைப் பாகம் பாகமாக 'கிட்' வடிவத்தில் வித்தது. வாங்கினவங்க வீட்டிலேயே சால்டர் பண்ணிக்கணும். அவங்களோட 'பேஸ்-3' ப்ரீஆம்ப்பை இப்பவும் தேடிப் பிடிச்சு, பாகங்களை மாத்தி அப்கிரேடு பண்றவங்க இருக்காங்க. அந்த ஆசைதான் என்னையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏற வெச்சது.

உள்ளே என்ன நடக்குது?

ரொம்ப சிம்பிள். ஒரு முனையில் கேத்தோடு. அதைச் சூடாக்கினா எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே பிளேட், அதிக வோல்டேஜோட காத்திருக்கும். நடுவில் கிரிட்னு ஒரு கம்பி வலை. தண்ணிக் குழாயின் திருகு மாதிரின்னு வெச்சுக்கோங்க. பாட்டின் சின்ன சிக்னல் அந்தத் திருகை லேசா அசைக்கும். எதிரே ஓடற கரன்ட் பெருசா ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபிகேஷன் என்பது இவ்வளவுதான்!

கிட்களில் அடிக்கடி பார்க்கிற 12ஏஎக்ஸ்7 வால்வில் ஒரே குடுவைக்குள் இப்படி ரெண்டு செட். இடது சேனலுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ஒரு விஷயம்... ப்ரீஆம்ப்பை நேரா ஸ்பீக்கரில் மாட்ட முடியாது. அதுக்குப் பின்னாடி ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் வேணும்.

முதல்ல உயிர்... அப்புறம் பாட்டு!

பிளேட்டுக்குப் போறது 200, 300 வோல்ட் டி.சி. இதைவிடப் பெரிய வில்லன், பவர் சப்ளையில் இருக்கற ஃபில்டர் கெபாசிட்டர். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அது சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். என் கையைச் சுண்டினது அவர்தான்!

அதனால, அந்த கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெஸிஸ்டர் ஒண்ணை சால்டர் பண்ணிடுங்க. 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்னா ரெண்டு நிமிஷத்தில் பெரும்பாலும் காலியாகிடும். காலியாயிருக்கும்னு நம்பாதீங்க, மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. ஆன்ல இருக்கும்போது அளந்தா, ஒரு கை பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு ஆள். உலோகப் பெட்டிக்கு மூணு பின் ப்ளக்கின் எர்த் கண்டிப்பா வேணும், ஃப்யூஸும்தான்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது, எலெக்ட்ரீஷியன் அண்ணன்கள் பண்ற மாதிரி ஒரு குண்டு பல்பை சீரீஸில் போடுங்க. பல்பு பளிச்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா, உள்ளே ஷார்ட். உடனே ஆஃப்!

'ம்ம்ம்ம்...'

என் பெட்டி முதல் நாள் பாடலை. 'ம்ம்ம்ம்'னு ஹம் பண்ணுச்சு! வால்வுதான் மட்டம்னு முடிவு பண்ணி, ரெண்டு மாச பாக்கெட் மணியில் விலை கூடின வால்வு வாங்கி மாட்டினேன். இப்போ அதே 'ம்ம்ம்ம்', காஸ்ட்லியாக!

ஒரு வாரம் மண்டையைக் குடைஞ்ச பிறகுதான் புரிஞ்சது. இன்புட் ஒயரை டிரான்ஸ்ஃபார்மரை உரசிக்கிட்டு ஓட விட்டிருந்தேன். எர்த் ஒயர்களையும் கண்ட இடத்தில் இணைச்சிருந்தேன். இன்புட் ஒயரைத் தள்ளி வெச்சேன். ஹீட்டர் ஒயர் ரெண்டையும் பின்னல் மாதிரி முறுக்கினேன். எர்த் எல்லாத்தையும் ஒரே புள்ளியில் சேர்த்தேன். நிசப்தம்! செலவு? சுத்தமா ஜீரோ.

அப்கிரேடு வரிசை இதுதான்

1. ஒயரிங், எர்த். காசே வேண்டாம். இதை முடிக்காமல் எதையும் வாங்காதீங்க.

2. பவர் சப்ளை. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபுல்வேவ் ரெக்டிஃபையர் தாண்டினா 100 ஹெர்ட்ஸ் அலை மிச்சமிருக்கும். ஒரு ரெஸிஸ்டர், ஒரு கெபாசிட்டர் சேர்த்து இன்னொரு ஃபில்டர் போட்டா அது அடங்கும்.

3. கப்ளிங் கெபாசிட்டர். பாட்டை மட்டும் வெளியே விட்டு, டி.சி.யைத் தடுக்கிற வாட்ச்மேன். 400 வோல்ட்டோ அதுக்கு மேலோ தாங்கற பாலிப்ரொப்பிலீன் போதும். லீக்கான பழசை உடனே மாத்துங்க, இல்லைன்னா டி.சி. அடுத்த பெட்டிக்கு விருந்தாளியாப் போயிடும்.

4. கடைசியில்தான் வால்வு. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100. 12ஏயூ7-க்கு சுமார் 20. சி.டி. பிளேயரே 2 வோல்ட் வரைக்கும் கொடுக்கும்போது 100 எதுக்கு? ஆனா, ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைச் சொருகினா போதாது. பக்கத்து ரெஸிஸ்டர்களையும் மாத்தணும். 6டிஜே8-க்கும் இதே ஒன்பது கால்தான். ஆனா, அதன் ஹீட்டர் 6.3 வோல்ட். 12.6 வோல்ட் சாக்கெட்டில் சொருகினா, அன்னிக்கே அஞ்சலி!

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம்தான். பிறகு, எது புதுசுன்னு சொல்லாமலே ஃப்ரெண்டை மாத்தச் சொல்லி, ஒரே பாட்டைக் கேளுங்க. ரெண்டிலும் சத்தம் சமமா இருக்கணும். கொஞ்சம் கூடினாலே 'சூப்பர்'னு காது ஏமாந்துடும். நான் இப்படிக் கேட்டப்போ, என் காஸ்ட்லி வால்வுக்கும் கிட்டோட வந்த வால்வுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை!

இன்னொரு உண்மை. டிரான்சிஸ்டரைவிட வால்வு துல்லியம்னு நினைச்சுடாதீங்க. அது பாட்டோட தன் பங்குக்குக் கொஞ்சம் ஹார்மோனிக்ஸ் சேர்க்கும். அந்தக் கலப்படம் சில காதுக்குத் தித்திக்குது, அவ்வளவுதான். எனக்குத் தித்திக்குது.

இப்போ ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் பாட்டுக் கேட்கறேன். எந்த ஒயர் எங்கே போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். கடையில் வாங்கின எந்தப் பெட்டியைப் பத்தியும் என்னால அப்படிச் சொல்ல முடியாது.

நீங்களும் ஆரம்பிக்கறீங்களா? வால்வுக்கு முன்னாடி ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்க. பெட்டியைத் திறந்தா, கைக்கு முன்னாடி மீட்டர் உள்ளே போகணும்!