தொப்பைக்கு வெட்கப்பட்டு கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்



2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, நினைவிருக்கிறதா? அதன்பின் கோயில் திருவிழா இல்லை, திடலில் பந்து இல்லை, டவுனுக்குப் போய்வர வழியில்லை. பெரும்பாலான தோட்டங்களில் குலைவெட்டு மட்டும் நிற்கவில்லை. வேலை விட்டு வந்தால் டிவி, தேத்தண்ணி, பிஸ்கட், மறுபடி டிவி. வீட்டோடு இருக்கும் பெண்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இன்னும் மோசம். அப்போது ஏறிய எடை பலருக்கு இன்னும் இறங்கவில்லை.

சதை போட்டிருப்பது அழகு சம்பந்தப்பட்ட சங்கதி அல்ல. கோவிட் கண்டவர்களில் பருத்த உடம்புக்காரர்களுக்கு நோய் கடுமையாகும் ஆபத்து அதிகமாக இருந்தது. பெரிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. படுத்தால் நுரையீரல் நன்றாக விரிய இடமில்லை. கூடவே இனிப்புநீரும் பிரஷரும் இருந்தால் சொல்லவே வேண்டாம். நம் நாட்டில் 2019இல் எடுத்த சுகாதாரக் கணக்கில், பெரியவர்களில் பாதிப்பேர் எடை கூடியவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடு. இந்தியர்களிடையே நிலைமை மற்ற இனத்தவரைவிட மோசம்.

மருந்து அடிக்கும் வேலை செய்த ஒரு தாயை எனக்குத் தெரியும். நல்ல உழைப்பாளி. இனிப்புநீருக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தவர், அந்த ஆண்டு கிளினிக்கை நிறுத்திவிட்டார். கேட்டால், "போனா கோவிட் ஒட்டிக்கும். அதோட தராசுல ஏறச் சொல்லி ஏசுவாங்க ஐயா" என்றார். மாத்திரை தீர்ந்து மூன்று மாதம். காலில் பூட்ஸ் கடித்த புண் ஆறவில்லை. வெளியே சொல்லவும் வெட்கம். கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கிளினிக்குகள் அப்போது திறந்துதான் இருந்தன. மருத்துவத்துக்கு வெளியே போக ஆணையில் தடையில்லை. மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதியும் இருந்தது. இதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எடையைப் பார்த்து நோயாளியை ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு என்று நான் பகிரங்கமாகவே சொல்வேன். யாராவது ஏசினால், "வைத்தியத்துக்கு வந்திருக்கேன், வழியைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தராசு இல்லையா? ஒரு சணல் கயிறு போதும். உச்சி முதல் பாதம் வரை உங்கள் உயரத்துக்கு அளந்து, இரண்டாக மடியுங்கள். மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். கயிறு எட்டவில்லை என்றால் கொழுப்பு கூடிவிட்டது. டேப் இருந்தால் கணக்கு இது: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்குள் இருப்பது நல்லது.

அடுத்து தேத்தண்ணி. பிரட்டுக்கு முன்னே ஒன்று, பசியாறும்போது ஒன்று, வேலை விட்டு ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரு கிளாசுக்கு டின் பால் இரண்டு பெரிய கரண்டி என்றால் 130 கலோரி. நான்குக்கு 500க்கு மேல். இரண்டு கிண்ணம் சோற்றைக் குடித்த மாதிரி! முதல் வாரம் ஒரு கரண்டியாகக் குறையுங்கள், பிறகு தே ஓ கோசோங். நாக்கு பழகிவிடும். தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ. குலை வெட்டுகிறவருக்கு இந்தச் சோறு பத்தாதுதான். அவருக்கு அளவு வேறு. ஆனால் அவர் சாப்பிடும் அளவையே வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டியதில்லை.

80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்க ஆரம்பிக்கும். ஒரே மாதத்தில் இளைக்க வைக்கிறேன் என்று விற்கும் தூளையும் கோப்பியையும் நம்பாதீர்கள். அவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்தைக் களவாகக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட மருந்து அது.

மறுபடி ஏதாவது தொற்று வந்து கேட்டை மூடினால், மாத்திரை இரண்டு வாரத்துக்குக் குறையும்போதே என்னிடம் சொல்லுங்கள். லயத்து முன்னால் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் வேகமாக நடங்கள். படுத்தால் மூச்சு முட்டுதல், குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது, தணியாத தாகம், ஆறாத கால்புண் இருந்தால் காத்திருக்காதீர்கள். நெஞ்சுவலி என்றால் உடனே 999.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அடையாளக் கார்டு, பழைய மருந்துப் பை இரண்டையும் கொண்டு போங்கள். ரத்தம் எடுக்கப் பசியாறாமல் வரச் சொன்னால், இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர்களும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் அந்த மருந்தைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும்.