அட்டைப்பெட்டி முட்டை

அமெரிக்கக் கடைகளில் பாலுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் விற்கும் முட்டைத் திரவத்தைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கூட, அதனைப் பாஸ்டரைஸ் செய்தே விற்கவேண்டுமென்று 1970-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் விதித்திருப்பதையும், முழு முட்டையாயின் 60 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் மூன்றரை நிமிஷம் வைத்துக் கிருமிகளை நாசம் செய்வதையும் அறிந்தால் சற்றே சமாதானமடைவார். ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 3 மேஜைக்கரண்டி என அளந்து ஊற்றினால், ஆம்லெட்டுக்கும் கேக்குக்கும் அது உத்தமமே. ஆஃப்பாயில் பிரியர்களுக்கோ, பாவம், இதில் கதியில்லை. வெள்ளைக்கருவை மட்டும் அடைத்த பெட்டியை வாங்கி, நுரை பொங்க அடித்து மெரிங் என்னும் இனிப்பைச் செய்ய ஆசைப்படுகிறவர், பாஸ்டரைஸ் செய்யும் மிதமான சூடே புரதத்தின் சுபாவத்தைச் சிறிது மாற்றிவிடுவதால், பெரும்பாலும் கைவலியையே சம்பாதிப்பார். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு நெடுநேரம் அடித்தால் ஓரளவு பலனுண்டு. திறந்த பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து 3 நாளுக்குள் தீர்த்துவிடுவது அவசியம்.